சீலிங்கைத் தொட வேண்டாம்

மே 3

தம்பிக்கு,

"அன்புள்ள" என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. வராததை எழுதுவானேன் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக் கூரை ஒழுகுகிறது. போன வாரம் பெய்த மழையில் கூடத்தில் மூன்று இடம், சமையலறையில் ஓர் இடம், அப்பா அறையில் சுவரோரமாக நீளமாய் ஒரு கோடு. வாளி, குண்டான், பல் துலக்கும் குவளை வரை தரையில் பரப்பிவிட்டு, கயிற்றில் நடக்கிற சர்க்கஸ்காரி மாதிரி அவற்றுக்கு நடுவே நடந்துகொண்டிருக்கிறேன். பாதி ஓடுகளை மாற்ற வேண்டும், அடியில் இருக்கிற மரச்சட்டங்களையும் பார்க்க வேண்டும் என்று ஒரு மேஸ்திரி சொல்லியிருக்கிறார். வீடு நம் இரண்டு பேர் பேரிலும் இருப்பதால் உன் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் அப்பா போய் இருபது நாள்கூட ஆகாத நிலையில், "இந்த வீட்டை இடிச்சுட்டு காலி மனையா வித்துடலாம்" என்று நீ சொன்னதும், பிணந்தின்னி என்று நான் உன்னைச் சொன்னதும், நீ கதவை அறைந்து சாத்திவிட்டு ரயிலுக்குப் போனதும் நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. போனில் நீ குரலை உயர்த்துவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். காகிதத்தில் அந்த வசதி இல்லை. கடைசி வரி வரைக்கும் வாசித்துத்தான் ஆக வேண்டும்.

நீ கட்டட கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. ஊரில் இருக்கிறவனுக்கெல்லாம் ஹெல்மெட் மாட்டிவிடுகிறவன். கூரை வேலை நடக்கிற வீட்டில் குடியிருப்பவள் எதையெல்லாம் எதிர்பார்க்க வேண்டும் என்று எழுது. பகல் முழுக்க ஆஸ்பத்திரி லாண்டரியில் அடுத்தவர் அழுக்கைப் பிரித்துப் போட்டுவிட்டு வருகிறவள் நான். வீட்டிலும் அழுக்குத்தான் என்றால் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

அக்கா


மே 9

அக்காவுக்கு,

சம்மதக் கடிதம் இத்துடன் இருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். முதலில் சத்தம். ஓட்டைப் பிரிக்கும் இரண்டு மூன்று நாளும் தலைக்குள் சுத்தியல் அடிப்பதுபோல இருக்கும். சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடி, படம் எல்லாவற்றையும் இறக்கிவிடு. அதிர்வில் தானாகவே கழன்று விழும். பீரோ, கட்டில், தையல் மிஷின் எல்லாவற்றையும் பழைய துணியால் அல்ல, பிளாஸ்டிக் ஷீட்டால் மூடு. தூசி துணிக்குள் நுழையும். அரிசி டப்பாவுக்குள்ளும் நுழையும், ஒன்றும் செய்வதற்கில்லை. வேலை முடிந்த பிறகும் ஒரு மாதத்துக்கு வாசலில் செருப்பில்லாமல் நடக்காதே, ஆணி கிடக்கும். அக்கம்பக்கத்தாரிடம் முன்பே சொல்லிவிடு. பிரித்த பகுதியைத் தார்ப்பாய் போட்டுக் கட்டாமல் சாயங்காலம் எவனையும் இறங்கவிடாதே. மேஸ்திரி ஒரு வாரம் என்றால் நீ மூன்று வாரம் என்று எடுத்துக்கொள். ஓட்டைத் தூக்கின பிறகுதான் உளுத்த மரம் தெரியும். எல்லா வீட்டிலும் அப்படித்தான், அவர் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போகாதே.

இன்னொன்று. அப்பா அறையில் நான் போட்டுக் கொடுத்த சீலிங்கைத் தொட வேண்டாம். அந்த அறைக்கு மேல் மட்டும் பழைய ஓட்டைப் பிரிக்காமல், உடைந்ததை ஒன்றிரண்டு மாற்றி, சிமெண்ட் பூசி விட்டால் போதும். சீலிங்கைக் கழற்றினால் பலகை உடைந்துவிடும், மறுபடி அந்த மாதிரி அமையாது. மேஸ்திரியிடம் கண்டிப்பாகச் சொல்.

தம்பி


மே 20

தம்பிக்கு,

நீ சொன்ன எல்லாம் வரிசை தவறாமல் நடக்கிறது. நீ சொல்லாததும் நடக்கிறது.

மேஸ்திரிக்கு ரசமட்டம் என்று பேர் வைத்திருக்கிறேன். எங்கே போனாலும் கையில், சாய்வு பார்க்கிற ரசமட்டப் பட்டையோடுதான் போகிறார். டீ கொடுத்தால் டம்ளரை வைப்பதற்கு முன் ஸ்டூலின் மேல் அதை வைத்துப் பார்க்கிறார். "ஒரு நூல் சரியுதும்மா" என்கிறார். ஆள் சுத்தம். ஆனால் அவருடைய ஆட்கள் நான்கு பேரும் கூரை மேலிருந்தபடியே துப்புகிறார்கள். திரையில்லாத குளியலறை ஜன்னலை ஒட்டிச் சாரம் கட்டியிருப்பதால் நான்கு நாளாக நான் இருட்டுவதற்குக் காத்திருந்துதான் குளிக்கிறேன். எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் தினமும் வந்து, தன் வீட்டு மாடியில் விழுந்த தூசியை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து காட்டுகிறார், ஏதோ நான் அவரிடம் பரிசோதனைக்குக் கேட்டதுபோல. நேற்றுச் சோற்றில் பல்லுக்கடியில் ஓட்டுத்தூள் நறநறத்தது. துப்பிவிட்டுப் பட்டினியாகப் படுத்தேன்.

இதெல்லாம் வீட்டுப் பாடு. உன்னிடம் கேட்க வேண்டியது வேறு.

திங்கட்கிழமை லாண்டரியிலிருந்து வந்தபோது அப்பா கட்டிலின் மேல் பழுப்பாக ஏதோ சொட்டியிருந்தது. துடைத்தால் பிசின் மாதிரி ஒட்டியது. அண்ணாந்து பார்த்தேன். உன் சீலிங்கின் நடுவில் கைவிரித்த அளவுக்குக் கறை. மேஸ்திரி ஸ்டூலில் ஏறித் தட்டிப் பார்த்தார். வெற்றுப் பலகைச் சத்தம் வரவில்லை. அரிசி மூட்டையைத் தட்டினால் வருமே, அப்படி வந்தது. அவர் இறங்கி, என்னைப் பார்க்காமல் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "இதைத் திறக்காம மேல ஓடு போட்டா, நான் தொழில் பண்றதுல அர்த்தம் இல்லம்மா" என்றார்.

நீ ஏன் தொடாதே என்றாய்? பலகை உடையும் என்பதற்காக மட்டும்தானா?

அக்கா


மே 25

அக்காவுக்கு,

எத்தனை முறை சொல்வது? வேலையை இழுக்க வேண்டுமென்றால் எந்த மேஸ்திரியும் இப்படித்தான் எதையாவது தட்டிக் காட்டுவான். கறை பழைய மழைத் தண்ணீர். வெயிலில் காய்ந்துவிடும், மேலே ஒரு கோட் பெயிண்ட் அடி. இதைத் திறந்தால் அந்தப் பக்கத்துக் கூரை முழுக்க இறங்க வேண்டிவரும். மழைக் காலம் நெருங்குகிறது.

நான் இந்தத் துறையில் இருபது வருஷமாக இருக்கிறேன். இந்த ஒரு விஷயத்திலாவது சொன்னதைக் கேள். திறக்காதே.

தம்பி


மே 31

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே திறந்தாயிற்று.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இருக்கிற இடத்தில் உட்கார்ந்து வாசி.

மேஸ்திரி ஒரு மூலையில் பட்டியைக் கழற்றினார். பலகை ஒரு பக்கம் தாழ்ந்தது. பிறகு ஒரேயடியாகக் கொட்டியது. கறுப்பாக, பொடியாக, மூட்டை மூட்டையாக. அப்பா கட்டில் கண்ணெதிரே மறைந்தது. அதற்குப் பிறகுதான் நாற்றம் வந்தது. நான் ஆஸ்பத்திரித் துணி பிரிக்கிறவள். சீழும் ரத்தமும் மலமும் எனக்குச் சாப்பாட்டு வேளைக்கு முன் பார்க்கிற சமாச்சாரம். அந்த நான் கொல்லைக்கு ஓடிப்போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். வேலையாட்களில் இரண்டு பேர் அப்படியே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர்கள்தான், திரும்பவில்லை.

வௌவால் புழுக்கை. பல வருஷத்துச் சேர்மானம். அதற்குள் செத்து உலர்ந்த வௌவால்கள், சருகு மாதிரி. சில சருகாகாதவையும் இருந்தன. முகட்டடியில் உயிரோடு தொங்கியவை வெளிச்சம் பட்டதும் கீச்சிட்டன. விட்டத்தின் சுவரோர முனை ஊறி ஊறி, விரலை வைத்தால் கேக் மாதிரி உள்ளே போனது.

இதுவரை எழுதியது வீட்டின் அசிங்கம். இனி உன்னுடையது.

புழுக்கைக்கு அடியில், சீலிங் பலகைக்கு மேலே, ஒரு பிளாஸ்டிக் ஷீட் விரித்திருந்தது. உன் கம்பெனிப் பேர் அச்சடித்த ஷீட். அதன் நான்கு மூலையிலும் துணி முடிச்சுகள். ஒன்றை அவிழ்த்தேன். அந்துருண்டை. பாதி கரைந்து கிடந்தது. பலகையின் பின்பக்கத்தில் பென்சிலால் அளவு குறித்திருந்தது. ஏழுக்கு நடுவில் கோடு போடுகிற ஆளை நம் வீட்டில் எனக்கு ஒருவனைத்தான் தெரியும்.

அந்துருண்டை வைத்தவனுக்கு நாற்றம் தெரிந்திருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன் கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நீ லீவு போட்டு வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டாய். நான் திரும்பி வந்தபோது தொங்கிக்கொண்டிருந்த பழைய பலகை போய், பளபளவென்று புது சீலிங். தையல் வலிக்க வலிக்க உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தம்பி இருந்தால் இப்படி இருக்க வேண்டும் என்று லாண்டரியில் ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போது நாக்கைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்போல இருக்கிறது.

அப்பா எத்தனை தரம் சொன்னார். "மேல ஏதோ செத்துக் கிடக்குதும்மா" என்பார். நான், "அது உங்க தைல வாசனைப்பா" என்பேன். இருமல் வந்தது. மெலிந்தார். கடைசியில் நுரையீரல் டாக்டர் நம் மூன்று பேரையும் உட்காரவைத்து என்ன கேட்டார் என்று ஞாபகம் இருக்கிறதா? "வீட்ல புறா, வௌவால் இந்த மாதிரி ஏதாவது அடையுதா?" என்று கேட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க வீடு சுத்தமான வீடு டாக்டர்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வேறு ஏதோ எழுதினார்.

நீ என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்பாவுக்காக வருத்தப்படுகிறாய் என்று நினைத்து உன் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அக்கா


ஜூன் 6

அக்கா,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

பழைய பலகையில் இரண்டைத்தான் கழற்றினேன். முகத்தில் கொட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தபோது முகட்டில் கொத்துக் கொத்தாகத் தொங்கின. சுத்தம் செய்கிற ஆளைக் கூட்டிவந்து காட்டினேன். அறையை மட்டுமல்ல, வீட்டையே பத்து நாள் காலி செய்ய வேண்டும், முதலில் பெரியவரை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்றான். நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். அப்பாவை என் வீட்டுக்குத்தான் அழைத்துப்போக வேண்டும்.

என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை என்று ஒரு கடிதத்தில் எழுதினேன். அதையும் கிழித்துவிட்டேன். நான் அவளிடம் கேட்கவே இல்லை. எனக்குத்தான் பிடிக்கவில்லை. ராத்திரி பகலாகச் செருமுவதும், குளியலறையை நனைத்து வைப்பதும், சொன்னதையே சொல்வதும்... பத்து நாள், அக்கா. பத்து நாளுக்கு எனக்கு மனசு வரவில்லை. அதனால் புதுப் பலகை வாங்கி மூடினேன். பிறகு ஒரு முறை ஆளைப் போட்டு ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் "பிறகு" வரவில்லை.

டாக்டர் கேட்டபோது வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய். நீ சொன்ன பிறகு நான் மறுத்துச் சொன்னால், ஐந்து வருஷமாக ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். அவ்வளவுதான். வீட்டை இடிக்கச் சொன்னதும் அதற்குத்தான். மனை விலைக்காக அல்ல. அந்தச் சீலிங் யார் கண்ணிலும் படாமல் மண்ணோடு போகட்டும் என்று.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ அதே வீட்டில் இருந்தாய். தினமும் அந்த அறையைப் பெருக்கினாய். உனக்கு ஒன்றுமே தெரியவில்லையா?

சுத்தம் செய்யத் தெரிந்த ஆட்களை இங்கிருந்து அனுப்புகிறேன். முகமூடி, உடை எல்லாம் அவர்களே கொண்டுவருவார்கள். நீ ஒன்றும் செய்ய வேண்டாம்.

தம்பி


ஜூன் 10

தம்பிக்கு,

தெரியவில்லை. பதினெட்டு வருஷ லாண்டரியில் என் மூக்கு செத்துவிட்டது. அப்பாவுக்கு மூக்கு இருந்தது, அவர் சொன்னார், நான் கேட்கவில்லை. என் பங்கை நான் சுமந்துகொள்கிறேன். அதைக் காட்டி உன் பங்கைக் குறைத்துக்கொள்ளலாம் என்று பார்க்காதே. உன் கடிதத்தில் அந்தப் பத்து நாள் பத்தியை வாசித்தபோது புழுக்கை கொட்டிய அன்று வந்த குமட்டல் திரும்ப வந்தது.

ஆள் அனுப்பாதே. அனுப்பினால் வாசலோடு திருப்பி அனுப்புவேன். வௌவால்கள் சாயங்காலம் இரை தேடப் போனதும் மேஸ்திரி ஓட்டைகளை அடைத்துவிட்டார். இப்போது உயிரோடு ஒன்றும் இல்லை. கொட்டியது கொட்டியபடி கிடக்கிறது. அறையைப் பூட்டி, கதவிடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்து வைத்திருக்கிறேன். தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் அள்ள வேண்டுமாம், தூசி கிளம்பி நுரையீரலுக்குள் போய்விடக்கூடாதாம்.

நீ வந்து அள்ளு.

அக்கா


ஜூன் 22

அக்கா,

வீடு வந்து சேர்ந்தேன். மூன்று நாளும் நீ என்னோடு பேசவில்லை, அதனால் அங்கே சொல்ல நினைத்ததை இங்கிருந்து எழுதுகிறேன்.

நாற்பத்தாறு சாக்கு. எண்ணியது நான் அல்ல, உன் ரசமட்டம். என்னை அவர் "சார்" என்று கூப்பிட்டது முதல் அரைமணி நேரம்தான். அதற்கப்புறம் "ஏய், தண்ணி தெளிச்சு அள்ளுப்பா" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. முதல் நாள் முகமூடிக்குள்ளேயே வாந்தி எடுத்தேன். இரண்டாம் நாள் கட்டிலைத் தோண்டி எடுத்தபோது, மெத்தையில் அப்பா படுத்துப் படுத்து விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது. அது நிறையப் புழுக்கை. கையால் அள்ளினேன். மண்வெட்டி போட மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் வேர்வை தாங்காமல் முகமூடியைக் கழற்றினேன். நீ வாசற்படியிலிருந்து, "போடு அதை. உனக்கும் புள்ளைங்க இருக்கு" என்றாய். மூன்று நாளில் அது ஒன்றுதான் உன் வாயிலிருந்து வந்தது. அதைக் கேட்டபோது, நீ திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று தோன்றியது.

ரயிலுக்கு நேரே போகவில்லை. டாக்டரைப் போய்ப் பார்த்தேன். வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் பேரைச் சொன்னதும் ஞாபகப்படுத்திக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தக் கோணத்துல பார்த்திருப்போம். பிழைச்சிருப்பாரான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா பார்த்திருப்போம்" என்றார். பிறகு, "இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க?" என்று கேட்டார். அடுத்த நோயாளியைக் கூப்பிட மணியை அடித்துவிட்டார்.

இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாம் என்று ரயிலில் ஒரு நினைப்பு ஓடியது. பழக்கதோஷம். அதனால்தான் வந்த கையோடு எழுதுகிறேன்.

நகக்கண்ணில் இன்னும் கறுப்பு இருக்கிறது. இன்று மத்தியானம் என் மகள் தட்டில் நான் பரிமாறப்போனேன், கையை இழுத்துக்கொண்டேன். வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். என் மனைவி, "என்கிட்ட கேட்டிருந்தா சரின்னுதானே சொல்லியிருப்பேன்" என்றாள்.

தம்பி


ஜூலை 14

தம்பிக்கு,

கூரை வேலை முடிந்தது. நீ சொன்ன மூன்று வாரமும் இல்லை, மேஸ்திரி சொன்ன ஒரு வாரமும் இல்லை; எட்டு வாரம். உளுத்த விட்டத்தை எடுத்துவிட்டுப் புது மரம் ஏற்றியிருக்கிறார். அப்பா அறைக்குச் சீலிங் போடவில்லை. அண்ணாந்தால் ஓடும் சட்டமும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி விடச் சொல்லிவிட்டேன். முந்தாநாள் பெரிய மழை. வீடு முழுக்கச் சுற்றி வந்தேன். ஒரு சொட்டு இல்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம். வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவற்றின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

டாக்டர் சொன்னதை வாசித்தேன். இரண்டு நாள் லாண்டரிக்குப் போகவில்லை. "எங்க வீடு சுத்தமான வீடு" என்று நான் சொன்ன குரல் காதிலேயே இருக்கிறது. எவ்வளவு அகங்காரம் அதில். துணி வெளுக்கிறவள் வீடு எப்படி அழுக்காக இருக்கும் என்கிற அகங்காரம்.

அந்த அறையை ஐந்து தரம் கழுவியாயிற்று. சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஆனாலும் உள்ளே போனால் எனக்கு நாறுகிறது. எதிர்வீட்டு வாத்தியாரைக் கூட்டிவந்து மோந்து பார்க்கச் சொன்னேன். அவர் எதிலும் குறை கண்டுபிடிக்கிறவர், அவரே ஒன்றும் இல்லை என்கிறார். மேஸ்திரி, "அது அறையில இல்லம்மா, உங்க மூக்குல இருக்கு" என்றார். செத்த மூக்குக்கு இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது, காலம் கடந்து.

மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. உன்னை நினைத்தால் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது. பத்து நாளுக்கு மனசு வரவில்லை என்று எழுதினாயே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஆனால் இதையெல்லாம் வேறு யாரிடம் சொல்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். லாண்டரிப் பெண்களிடம் சொல்ல முடியாது, அவர்களிடம்தானே உன் புகழ் பாடினேன். வாத்தியாரிடம் சொன்னால் காகிதத்தில் மடித்துத் தெரு முழுக்கக் கொண்டுபோவார். அந்த மெத்தைப் பள்ளத்தைப் பார்த்தது நாம் இரண்டு பேர்தான். அதனால் எழுது. மன்னிப்புக் கேட்டு எழுதாதே. வேறு என்ன இருக்கிறதோ அதை எழுது, பிள்ளைகள் படிப்பு, உன் முதுகுவலி, எதுவானாலும் சரி. ஆனால் எதையும் மூடி வைத்து எழுதாதே. அது என் மூக்குக்கு இப்போது தெரிந்துவிடும்.

வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன், யாராவது மேலே ஏறி ஓட்டுக்கடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதை நீதான் செய்ய வேண்டும். ஏணி வாங்கிக் கொல்லையில் சாத்தி வைத்திருக்கிறேன்.

அக்கா